பேட்டைச் சுவரும் சோளக்காட்டுத் தராசும்

காரவல்லியில் ஏறத் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சோளக்காடு. கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்களுக்கு அது அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகிற வழியில் வண்டியை நிறுத்தி வாழைப்பழமும் அன்னாசியும் வாங்குகிற இடம். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது வேறு. பலா, மலைவாழை, மிளகு, காப்பிக்கொட்டை என்று மலையில் விளைகிறதெல்லாம் பணமாக மாறுகிற இடம் அது. சாலை வருவதற்கு முன்பு இதே சரக்கைத் தலையில் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் இறங்கி, அடிவாரச் சந்தைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். சுமந்து வந்ததைத் திரும்பச் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். விலை பாதி அங்கேயே முடிந்துவிடும்.

சாலை வந்த பிறகு சுமை குறைந்தது. விலை சொல்கிற வாய் மாறியதா? கீழேயிருந்து லாரியோடு வருகிறவர்தான் இன்றும் விலை சொல்கிறார். தராசு அவருடையது. சாக்கு அவருடையது. போன மழைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் விளைச்சலும் ஏறக்குறைய அவருடையது. மண்ணும் உழைப்பும் மட்டும் மலைக்காரருடையது.

சந்தை யாருடையது என்ற இந்தக் கேள்வியை நம் இயக்கங்கள் போதிய அளவு கேட்டதில்லை என்பது என் எண்ணம். நிலம் கேட்டோம், சரி. கோயில் கேட்டோம், கிணறு கேட்டோம், இரட்டைக் குவளையை உடைத்தோம். தேநீர்க் கடையில் ஒரே கிளாஸ் வேண்டும் என்று போராடிய அளவுக்கு, அந்தத் தேநீர்க் கடை இருக்கிற கட்டடம் யாருடையது என்று கேட்டோமா? அந்தக் கேள்விக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே சுவர் எழுப்பிப் பதில் சொன்ன ஒரு சமூகம் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களும் தீண்டாமையின் கசப்பைக் குடித்தவர்கள்தான். அவர்கள் கட்டிய கட்டடத்தின் பெயர் பேட்டை. அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

ராமநாதபுரம் சீமையின் வறண்ட கரிசல் பகுதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 1801-இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து, கும்பினி ஆட்சி கெட்டிப்பட்டுவிட்டது. பாதைகளில் சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்குகின்றன. தெற்கே தேரிக்காட்டுப் பனங்காடுகளிலிருந்து சாணார் என்று இழிவாக அழைக்கப்பட்ட மக்களில் சிலர் கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வடக்கே வருகிறார்கள். இன்று நாம் நாடார் என்கிற அந்த மக்கள் அன்று கோயிலுக்குள் நுழையக் கூடாதவர்கள். பல ஊர்களில் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கக் கூடாதவர்கள். திருவிதாங்கூரில் அவர்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணிவதற்கே 1859 வரை போராட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவர்கள் வண்டி நிறையச் சரக்கோடு ஊர் ஊராகப் போனால் என்ன ஆகும்? இரவில் எங்கே தங்குவது? மாட்டை எங்கே அவிழ்த்துக் கட்டுவது? ஊர்ச் சத்திரத்தில் இடம் கிடையாது. திறந்தவெளியில் படுத்தால் காலையில் சரக்கு இருக்காது. காவல் என்ற பெயரில் பணம் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். காவல்காரன் யார், கொள்ளைக்காரன் யார் என்பது அந்த வட்டாரத்தில் எப்போதும் தெளிவாக இருந்ததில்லை. அதனால் அவர்கள் ஒரு வேலை செய்தார்கள். தங்கும் இடங்களில் கூட்டாக நிலம் வாங்கிச் சுற்றிலும் சுவர் எழுப்பினார்கள். உள்ளே வண்டி நிறுத்தலாம், மாடு கட்டலாம், சரக்கை அடுக்கலாம், ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். அதுதான் பேட்டை. சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்கள் அவர்களுடைய வியாபாரத்தின் தொடக்கப் புள்ளிகளாயின. இவற்றில் விருதுப்பட்டிதான் பின்னாளில் விருதுநகர் ஆனது.

பேட்டையைச் சாதாரணமான கிடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் நடந்த கணக்குத்தான் முக்கியம். பேட்டைக்குள் வந்து இறங்குகிற சரக்குக்குச் சிறு தொகை தரகாக வசூலிக்கப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு வியாபாரியும் தன் வரவுக்குத் தக்கபடி ஒரு பங்கைப் பொதுவில் போட வேண்டும். அதற்கு மகமை என்று பெயர். மகமைப் பணத்தை நிர்வகித்தது குடும்பத் தலைவர்கள் கூடிய உறவின்முறை. பேட்டைச் சுவரைச் செப்பனிடுவதும் கிணறு வெட்டுவதும் இந்தப் பணத்தில்தான். ஏதாவது வழக்கு வந்தால் வக்கீலுக்குக் கொடுப்பதும், நொடித்துப்போனவனைத் தூக்கிவிடுவதும் அதில்தான். அரசு ஒரு பைசா தரவில்லை. ஜமீன்தார் தரவில்லை. கோயில் உண்டியல் தரவில்லை.

இந்த மகமைப் பணம்தான் 1889-இல் விருதுப்பட்டியில் சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியாக எழுந்தது. வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கிப் பள்ளி நடத்திய கதை அந்த ஊரில் இன்னும் சொல்லப்படுகிறது. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்துவிடுவார்கள், சேர்ந்ததும் பள்ளிக்குப் போய்விடும். 1903-இல் அதே ஊரில் பிறந்த ஒரு பையன் அந்தப் பள்ளியில் படித்தார், பாதியில் நிறுத்திவிட்டு மாமா கடையில் துணி விற்கப் போனார். அவர் பெயர் காமராசர். 1876-இல் ரயில் பாதை விருதுப்பட்டி வழியாக வந்தபோது பருத்தியையும் மிளகாயையும் ஏற்றி அனுப்ப அந்த ஊரில் கிடங்கும் இருந்தது, தரகும் இருந்தது, கணக்குப்பிள்ளையும் இருந்தார். ரயில் வந்ததால் அந்த ஊர் வளர்ந்தது என்று சொல்கிறார்கள். ரயில் எத்தனையோ ஊர்கள் வழியாகப் போனது. பேட்டை இருந்த ஊர்தான் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

இந்த வரலாற்றை ஆராய்ந்து எழுதியவர்களில் ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அறிஞர் முக்கியமானவர். நாடார்களைப் பற்றிய அவருடைய நூல் 1969-இல் வந்தது. நாடார் அல்லாத நாம் அதை இன்னொரு சாதியின் முன்னேற்றக் கதை என்று ஒதுக்கிவிடாமல் படிக்க வேண்டும்.

சுவர் இருந்தும் அடி விழுந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கையில் காசு வந்ததும் நாடார்கள் கோயில் வாசலில் போய் நின்றார்கள். 1897 மே மாதம் கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சிலர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான ராமநாதபுரம் சேதுபதி நீதிமன்றத்துக்குப் போனார். இவர் யார் தெரியுமா? 1893-இல் விவேகானந்தர் சிகாகோ போவதற்குத் துணை நின்ற அதே பாஸ்கர சேதுபதி. சிகாகோவில் சகோதரத்துவம் முழங்கியதைக் கொண்டாடலாம், கமுதிக்கு மட்டும் அது வரக் கூடாது! வழக்கு மதுரைக் கோர்ட்டில் தொடங்கி, சென்னை உயர் நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் முடிந்தது. தீர்ப்பு நாடார்களுக்கு எதிராக. கோயிலைச் சுத்திகரிக்கும் செலவையும் அவர்களே தர வேண்டும் என்றது நீதி.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே சிவகாசி எரிந்தது. அங்கேயும் விசுவநாத சுவாமி கோயில் நுழைவுதான் தகராறு. 1899 ஜூன் 6 அன்று ஆயிரக்கணக்கானோர் திரண்டு ஊருக்குள் புகுந்தார்கள். அந்தக் கோடையில் தென் மாவட்டங்களில் ஏராளமான கிராமங்கள் தாக்கப்பட்டன, 20-க்கும் மேற்பட்ட கொலைகள் விழுந்தன. தாக்கியவர்கள் கோயிலின் புனிதத்தைக் காக்க வந்ததாகச் சொன்னார்கள். போகும்போது கடைச் சரக்கையும் அள்ளிக்கொண்டு போனார்கள். புனிதத்துக்கும் துணி மூட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தேவையில்லை. 'கீழே' இருக்க வேண்டியவன் கடை வைத்துவிட்டான் என்பதுதான் குற்றம்.

அமெரிக்காவில் இதே போன்றது 22 ஆண்டுகள் கழித்து நடந்தது. ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் கிரீன்வுட் என்ற பகுதி கறுப்பின மக்களின் கடைத்தெரு. தங்கும் விடுதி, திரையரங்கு, மருந்துக்கடை, பத்திரிகை என எல்லாம் அவர்களுடையது. வெள்ளையர் கடைகளில் சமமாக நடத்தப்படாதவர்கள் தங்கள் டாலர் தங்களுக்குள்ளேயே சுற்றும்படி அதைக் கட்டியிருந்தார்கள். 1921 மே 31 இரவும் ஜூன் 1-ஆம் தேதியும் வெள்ளையர் கும்பல் புகுந்து 35 தெருத் தொகுதிகளைச் சாம்பலாக்கியது. கலவரத்தில் எரிந்ததற்கு இழப்பீடு இல்லை என்று காப்பீட்டு நிறுவனங்கள் கைவிரித்தன. ஆனாலும் அந்த மக்கள் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். பின்னால் நகர மேம்பாடு என்ற பெயரில் நெடுஞ்சாலை வந்துதான் அந்தத் தெருவின் பெரும்பகுதியை விழுங்கியது. தீயால் முடியாததைத் திட்டம் முடித்தது.

சிவகாசிக்காரர்களும் திரும்பக் கட்டினார்கள். 1910-இல் நாடார் மகாஜன சங்கம் வந்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பேட்டையில் தொடங்கிய மகமை வங்கியாக உருமாற ஒரு நூற்றாண்டு போதுமானதாக இருந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பறையர், பள்ளர், அருந்ததியர் ஏன் பேட்டை கட்டவில்லை? 'அவர்கள் உழைத்தார்கள், முன்னேறினார்கள், உங்களுக்கு என்ன கேடு' என்று சமூக ஊடகங்களில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் சரக்கு. பனையேறியின் கையில் கருப்பட்டி இருந்தது. அது கெடாது, அடுக்கலாம், வண்டியில் ஏற்றி 100 மைல் கொண்டு போகலாம். பதநீர் இறக்கியவனே காய்ச்சியவன், அவனே விற்றவன். நம் மக்களின் கையில் என்ன இருந்தது? உழைப்பு. உழைப்பை வண்டியில் ஏற்றி அடுத்த ஊரில் விற்க முடியாது. பண்ணையாள் முறையில் கடன் பட்டவனுக்கு அடுத்த ஊருக்குப் போகவே உரிமை கிடையாது. நாமக்கல், சேலம் பக்கம் கமலை இறைக்கத் தோல் பறி தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். கிணற்றுப் பாசனம் முழுவதும் அவர்கள் ஊசியில் தொங்கியது என்றே சொல்லலாம். அந்தப் பறிக்குக் கூலி என்ன? களத்தில் அளந்து போட்ட தானியம். அவர்கள் தைத்ததற்குச் சந்தை விலை என்று ஒன்று இருந்ததே இல்லை. காசே கண்ணில் படாத இடத்தில் மகமை எங்கிருந்து வரும்?

அடுத்தது தொடுகை. கருப்பட்டியையும் துணியையும் நாடாரிடம் வாங்கத் தயங்காத ஊர், சேரிக்காரர் கறந்த பாலை வாங்காது. மாடு அதே மாடுதான், மேய்ந்த புல்லும் அதே புல்தான். அவர்கள் சமைத்ததை வாங்காது. எண்ணெய், மளிகை, பலகாரம், சாப்பாட்டுக் கடை எனச் சிறு முதலில் தொடங்கக்கூடிய தொழில்கள் எல்லாமே வாயில் வைக்கிற பொருளைச் சார்ந்தவை. அந்தக் கதவு முழுவதும் நமக்குச் சாத்தியிருந்தது. இன்றும் ஒரு சத்துணவுக் கூடத்தில் தலித் பெண் சமைக்கிறார் என்றால் பிள்ளைகளைச் சாப்பிட விடாத ஊர்கள் இருக்கின்றன. அப்புறம் அவர் எப்படி மெஸ் நடத்துவார்?

மூன்றாவது, சுவர் எழுப்ப இடம். பேட்டை கட்டுவதற்குச் சாலை ஓரத்தில் சொந்த நிலம் வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையைப் பாருங்கள். குடியிருக்கும் மனையிலிருந்தே எப்போது வேண்டுமானாலும் விரட்டப்படலாம் என்ற நிலையில் நம் முன்னோர் இருந்தார்கள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் 1892-இல் பஞ்சமி நிலம் வழங்கும் ஆணை வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு. அதில் எவ்வளவு நம்மிடம் இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அன்று ஊருக்கு வெளியே தரிசாகக் கொடுக்கப்பட்ட பல பஞ்சமி நிலங்கள் இன்று புறவழிச் சாலைகளின் ஓரத்தில், திருமண மண்டபமும் பெட்ரோல் பங்க்கும் நிற்கிற இடங்களில் இருக்கின்றன. கடை கட்டத் தோதான இடமாக மாறுவதற்கு முன்பே அவை நம் கையைவிட்டுப் போயிருந்தன.

காசு கையில் கிடைத்த இடங்களில் நம் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கோலார் தங்கவயலுக்கு வடஆற்காட்டிலிருந்து போனவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் சுரங்கத்தில் இறங்கினார்கள். ஆனால் கூலி காசாகக் கிடைத்தது, பண்ணையார் இல்லை. அங்கேதான் சித்தார்த்தா புத்தகசாலை எழுந்தது. அயோத்திதாசப் பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கி நமக்குத் தந்தது அந்தச் சுரங்கத் தொழிலாளர் ஊர்தான். பண்டிதர் 1907-இல் ராயப்பேட்டையில் தொடங்கிய இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர் வைத்தார். வாங்குகிறவன் கையில் என்ன இருக்கும் என்று தெரிந்து விலையையே பெயராக வைத்த பத்திரிகை அது. ரங்கூனுக்குப் போன மதுரைப் பிள்ளை பெரிய வணிகராகிப் பள்ளி நடத்தினார், புலவர்களை ஆதரித்தார். ஆக, திறமை இல்லை என்பது பொய். ஊரை விட்டு வெளியேறினால்தான் வியாபாரம் செய்ய முடிந்தது. நாடார் தன் சீமைக்குள்ளேயே சுவர் எழுப்பிக்கொண்டார். நாம் கடல் கடக்க வேண்டியிருந்தது.

பேட்டையைப் புகழ்ந்துவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. பள்ளிக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். சத்திரிய வித்தியாசாலை. ஏணியை உடைக்க வேண்டும் என்று அந்தத் தலைமுறை நினைக்கவில்லை, ஏணியில் தங்களுக்கு மேல்படி வேண்டும் என்று கேட்டது. கமுதி வழக்கிலும் நாங்கள் சத்திரியர் வழிவந்தவர்கள் என்பதுதான் வாதம். எல்லோரும் உள்ளே வரலாம் என்று யாரும் கேட்கவில்லை. மகமையும் ஒரு சாதியின் பெட்டிக்குள் போன பணம். அதே பேட்டையில் மூட்டை தூக்கியவர்களுக்கும் மிளகாய் வத்தல் கிள்ளிய பெண்களுக்கும் உறவின்முறையில் இடம் இல்லை.

ஆனாலும் அந்த ஏணியை அசைத்தவர்களும் அங்கிருந்தே வந்தார்கள். பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் ராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். டிக்கெட்டிலேயே பஞ்சமருக்கு இடமில்லை என்று அச்சடித்து ஓட்டிய முதலாளிகள் இருந்த காலம் அது. பஸ் ஏறாமல் எந்த வியாபாரியும் சந்தைக்குச் சரக்கு கொண்டுபோக முடியாது. அதனால் நம் வணிக வரலாற்றில் அந்த உத்தரவு ஒரு கட்டடத்துக்குச் சமம். 1954-இல் காமராசர் முதலமைச்சரானபோது இந்து அறநிலையத் துறையை பி. பரமேசுவரன் என்ற தலித் அமைச்சரிடம் கொடுத்தார். கமுதிக் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட சாதியில் பிறந்தவர், கோயில்களின் சாவியையே நம்மவர் கையில் கொடுத்த நாள் அது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசு நமக்காகக் கட்டிய பேட்டைகள் உண்டா? உண்டு. 1974-இல் தாட்கோ தொடங்கப்பட்டது. முதலில் வீடு, பிறகு கடன், பிறகு பல ஊர்களில் வணிக வளாகங்கள். உங்கள் ஊரில் இருந்தால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பேருந்து நிலையத்துக்கும் கடைவீதிக்கும் தள்ளி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நிற்கும். இரண்டு ஷட்டர் திறந்திருக்கும், மீதி துருப்பிடித்திருக்கும். திறந்திருப்பதிலும் பலகையில் ஒரு பெயர், கல்லாவில் வேறு ஆள். சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே புத்தி, கடையையும் ஊருக்கு வெளியே வைத்தது. பேட்டை வெற்றி பெற்றது அது சாலைகள் கூடும் இடத்தில் இருந்ததால், உள்ளே இருந்தவர்களே அதை நடத்தியதால். தாட்கோ வளாகத்தில் இரண்டும் இல்லை. அதிகாரி சாவி கொடுப்பார், அதிகாரி பூட்டுவார்.

மலைக்கு வேறு திட்டம். பழங்குடிப் பகுதிகளில் கூட்டுறவு எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ந்த பாவா குழு 1971-இல் அறிக்கை கொடுத்தது. கடன், இடுபொருள், நுகர்பொருள், விளைச்சலைக் கொள்முதல் செய்வது எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவர வேண்டும், அப்போதுதான் வட்டிக்காரனும் வியாபாரியும் ஒரே ஆளாக இருக்கிற பிடியை உடைக்க முடியும் என்பது அதன் சாரம். அருமையான சிந்தனை. கேட்டால் மகமைப் பேட்டையின் அரசு வடிவம் போலவே இருக்கிறது. அப்படி வந்ததுதான் லேம்ப் சொசைட்டி என்று மக்கள் சொல்கிற மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். கொல்லிமலையிலும் உண்டு. உரமும் கடனும் ரேஷனும் அங்கே கிடைக்கும். ஆனால் மலையின் மொத்த விளைச்சலுக்கும் விலை சொல்கிற இடமாக அது ஆகவில்லை. உறுப்பினர் சங்கத்தை நடத்துவதற்குப் பதில், சங்கம் உறுப்பினரை வரிசையில் நிறுத்தியது.

அதன் விளைவை மரவள்ளியில் பார்க்கலாம். கொல்லிமலை என்றால் சாமை, தினை, கேழ்வரகு. பெண்கள் விதை பொறுக்கி, குதிரில் வைத்து, அடுத்த ஆண்டுக்குக் காத்த பயிர்கள் அவை. கடந்த சில பத்தாண்டுகளில் அந்த நிலத்தில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போய்விட்டது. சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். கையில் காசு உடனே வருகிறது, அதனால் மக்கள் நட்டார்கள். அதில் தவறு சொல்ல நாம் யார்? ஆனால் விலை எப்படி வருகிறது என்று கேளுங்கள். கிழங்கின் மாவுச்சத்தை அளந்து 'பாயிண்ட்' போடுகிறார்கள். ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. பாயிண்ட் பார்க்கிற கருவி ஆலையில் இருக்கிறது. மலையிலிருந்து லோடு இறங்கிய பிறகுதான் பாயிண்ட் தெரியும். குறைவாக இருக்கிறது என்று சொன்னால், பிடுங்கிய கிழங்கை மறுபடி மண்ணில் நட முடியுமா? இரண்டு மூன்று நாளில் அது கருத்துவிடும். தலைச்சுமையோடு அடிவாரச் சந்தையில் நின்ற தாத்தாவின் நிலையும் லாரிச் சுமையோடு ஆலை வாசலில் நிற்கிற பேரனின் நிலையும் ஒன்றுதான். ஆலைக்காரர்கள் தங்கள் ஜவ்வரிசியை நல்ல விலைக்கு விற்க 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பை உருவாக்கிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பேட்டை உண்டு. கிழங்கு போட்டவனுக்கு இல்லை.

மலையில் இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆந்திரத்தில் 1970-ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குமுறைச் சட்டம், மக்கள் வாயில் 'ஒன் ஆஃப் செவன்டி', அட்டவணைப் பகுதியில் பழங்குடி அல்லாதவருக்கு நிலம் கை மாறுவதையே தடுக்கிறது. கொல்லிமலைக்கு அந்தக் காப்பு கிடையாது. அதனால் சாலையோரத்து நிலம் விடுதிகளாகிறது. நாளை சோளக்காட்டில் மக்கள் தங்களுக்கென்று ஒரு கிடங்கு கட்ட நினைத்தாலும், 1892-க்குப் பிறகு பஞ்சமி நிலத்துக்கு நடந்ததுபோல, தோதான இடம் அதற்குள் வேறு ஆள் கையில் இருக்கும். ஆண்டுதோறும் ஆடியில் வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கிறது. வள்ளல் என்று பாராட்டி மாலை போடுகிறார்கள். அள்ளிக் கொடுத்த மன்னனைக் கொண்டாடுகிற அரசுக்கு, மலைக்காரர் கொடுத்துக்கொண்டே இருப்பதில் ஆட்சேபம் இருக்காது போலும்.

சேந்தமங்கலம் பழங்குடியினருக்கான தனித்தொகுதி. பக்கத்து ராசிபுரம் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. கொல்லிமலையின் அடிவாரத்தில் சட்டமன்றத்துக்கு நம் ஆட்கள் இருவர் போகிறார்கள். அதே ஊர்களின் கடைவீதியில், மண்டித் தெருவில், சொந்தக் கட்டடத்தில் கடை வைத்திருக்கிற தலித்துகளையும் பழங்குடிகளையும் எண்ணிப் பாருங்கள். விரல் மிச்சமிருக்கும். ஓட்டுப் பெட்டிக்கு ஒதுக்கீடு வந்தது, கல்லாப் பெட்டிக்கு வரவில்லை.

நம் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். பேரூராட்சி, நகராட்சி, ஊராட்சி ஒன்றியம் எதுவானாலும் அவற்றின் வணிக வளாகத்தில் எத்தனை கடை, யார் பெயரில் குத்தகை, எந்த ஆண்டிலிருந்து, வாடகை எவ்வளவு, அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் வில்லை ஒட்டினால் போதும். பதில் வந்ததும் பலகையில் இருக்கும் பெயரையும் கல்லாவில் இருக்கும் ஆளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொல்லிமலைத் தோழர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் இரண்டு தீர்மானம் கொண்டு வரலாம். சோளக்காட்டில் உழவர்களே நிர்வகிக்கிற எடைமேடையும் கிடங்கும் வேண்டும் என்பது ஒன்று. மரவள்ளிக்குப் பாயிண்ட் பார்க்கும் கருவி மலையிலேயே, லோடு ஏறுவதற்கு முன்பே, கிழங்கு போட்டவர் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. அந்தக் கருவி பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு தராசு, ஒரு தொட்டித் தண்ணீர், காற்றிலும் தண்ணீரிலும் கிழங்கின் எடையைப் பார்த்துக் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர். மலையில் பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.